அடக்கச் செலவு முதலில்

ஒருவர் இறந்துவிட்டால் அவர் விட்டுச் சென்ற பொருளை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம் ஷரீஅத் ஒரு வரிசையை வகுத்திருக்கிறது. முதலில் கஃபன் துணிக்கும் கபுறுக்குமான அடக்கச் செலவு. அடுத்து, அவர் பட்ட கடன். அதன் பிறகு, எஞ்சியதில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் அவர் செய்து சென்ற வஸிய்யத். இவை தீர்ந்த பின்னரே வாரிசுகள் தத்தம் பங்கைக் கேட்கலாம். மையித்து கூடத்தில் கிடக்கையில் தோட்டத்தை அளக்கக் கயிறு எடுத்துப் புறப்படும் மகனை ஊரார் என்ன சொல்வர் என்பதை நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

இவ்வரிசை மனிதருக்காகச் சொல்லப்பட்டது. எனினும் இதனுள் ஒரு பொது நீதி அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஒன்றினால் பயன் அடைந்தவர், அது பயனற்றுப் போகும் நாளின் செலவையும் ஏற்றாக வேண்டும். ஏற்பதோடு, ஆதாயத்தைப் பங்கிடும் முன்பே அதனை எடுத்து வைக்கவும் வேண்டும். மனிதருக்கு ஒப்புக்கொள்ளும் இந்த நீதியை நாம் கையாளும் பொருள்களுக்கு ஒப்புக்கொள்கிறோமா? இக்கேள்வியை ஒரு குறிப்பிட்ட பொருளை முன்வைத்து எண்ணிப் பார்ப்போமாக. அப்பொருள், கடைத்தெருவில் சோலார் பேனல் என்று வழங்கும் சூரியத் தகடு.

விருதுநகர்ச் சீமையின் கரிசல் காட்டு வெயிலை அறியாதார் தமிழகத்தில் இல்லை. மழை பொய்த்து வெயில் மிகுந்த மண் அது. பயிரைக் கருக்கிய அந்த வெயிலே பின்னாளில் பிழைப்பும் தந்தது. 1920களில் சிவகாசியிலே தீப்பெட்டித் தொழில் காலூன்றியபோது, குச்சியையும் மருந்தையும் உலர்த்த உதவியது அந்த வறண்ட காற்றும் வெயிலுமே. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. இந்திய நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இன்று இந்த மாவட்டத்தில்தான் உருவாகிறது.

இப்போது அதே வெயிலுக்கு மூன்றாவது ஒரு விலை ஏற்பட்டிருக்கிறது. அண்டையிலுள்ள இராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் 2016ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கியது. ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகிலேயே பெரியது என்று அந்நாளில் பேசப்பட்டது. அங்கே நிறுத்தப்பட்ட தகடுகள் ஏறத்தாழ 25 லட்சம். வீட்டு மாடிகளுக்கும் தகடுகள் ஏறின. 2011இல் தமிழக அரசு அறிவித்த சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டம் சிற்றூர்க் கூரைகளுக்கு அவற்றைக் கொண்டு சென்றது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டமோ ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது.

இதில் மகிழ்ச்சியடைய வேண்டியதே மிகுதி. நிலக்கரியை எரித்துப் புகையை நெஞ்சில் வாங்குவதைக் காட்டிலும், இறைவன் நாள்தோறும் விலையின்றி வழங்கும் ஒளியைப் பெற்று விளக்கேற்றுவது நன்று. அதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆயினும் ஒளிக்கு மூப்பில்லை, தகட்டுக்கு மூப்புண்டு. இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் தொடக்கத் திறனில் நூற்றுக்கு எண்பது பங்காவது மிஞ்சும் என்பதே தகடு செய்வோர் வழக்கமாகத் தரும் உறுதி. அதற்குமேல் சில ஆண்டுகள் ஓடலாம். வண்டியில் ஏற்றும்போதே உடைவன சில. புயலில் சிதைவன சில. உள்ளே ஈரம் புகுந்து இளமையிலேயே மடிவன சில. தகடொன்று இருபது கிலோ எனக் கொண்டால், கமுதியில் மட்டும் ஒருநாள் எழுந்து போக வேண்டிய சுமை ஐம்பதாயிரம் டன். அந்த நாள் 2041ஐ ஒட்டி வரும். இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தை அன்று கல்லூரி வாயிலில் நிற்கும்.

தில்லியிலுள்ள ஆற்றல், சுற்றுச்சூழல், நீர் ஆய்வு மன்றம் 2024இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. 2023 மார்ச் வரை இந்தியாவில் நிறுவப்பட்ட தகடுகளிலிருந்தே ஏறத்தாழ ஒரு லட்சம் டன் கழிவு தோன்றிவிட்டது என்றும், 2030இல் அது 3 லட்சத்து 40 ஆயிரம் டன்னாகும் என்றும் அது கணித்தது. அக்கழிவில் மூன்றில் இரு பங்கு ஐந்து மாநிலங்களில் சேரும்; அவ்வைந்தில் தமிழகமும் ஒன்று. உலகக் கணக்கோ இன்னும் பெரிது. பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2050க்குள் 7 கோடியே 80 லட்சம் டன் வரை தகட்டுக் கழிவு குவியக்கூடும்.

இறந்த தகட்டினுள் என்ன இருக்கிறது? எடையில் முக்கால் பங்கு கண்ணாடி. சுற்றிலும் அலுமினியச் சட்டம். நடுவே காகிதம் போன்ற மெல்லிய சிலிக்கான் வில்லைகள். வில்லையின்மேல் முடியிழை போன்ற வெள்ளிக் கோடுகள். அவற்றை இணைக்கும் தாமிரப் பட்டையும், ஈயம் கலந்த பற்றாசும். இவையனைத்தையும் வெயிலும் மழையும் தீண்டாதவாறு கண்ணாடியோடு சேர்த்து ஒட்டிய ஒருவகைப் பசை. முதுகில் ஒரு பிளாஸ்டிக் உறை. இருபத்தைந்து ஆண்டுகள் பிரியலாகாது என்று எண்ணியே ஒட்டியிருக்கிறார்கள். வாழ்நாளில் எது அதன் சிறப்போ, அதுவே மரணத்துக்குப் பின் அதன் தொல்லையாகிறது.

முறைப்படி பிரிப்பதாயின், சட்டத்தையும் பின்புறத்து மின்பெட்டியையும் கழற்றிய பின் பசையை உயர்ந்த வெப்பத்தில் அகற்ற வேண்டும். அல்லது சூடேற்றிய கத்தியால் கண்ணாடியைப் பிரிக்க வேண்டும். பின்னர் அமிலத்தைக் கொண்டு வெள்ளியையும் சிலிக்கானையும் தனித்தனியே மீட்க வேண்டும். வெளிவரும் புகையையும் அமில நீரையும் தூய்மை செய்யாமல் விடலாகாது. இதற்கு ஆலை வேண்டும், முதல் வேண்டும், பயிற்சி வேண்டும். முறையின்றிப் பிரிப்பதற்கோ சுத்தியலும் தீக்குச்சியும் போதும். அலுமினியச் சட்டத்தை நெம்பி எடுத்து, கம்பியை எரித்துத் தாமிரத்தைப் பொறுக்கிக்கொண்டால் அன்றைக் கூலி கிடைத்துவிடும். ஒட்டிய கண்ணாடியை வாங்க ஆளில்லை. அது ஓடைக்கரைக்குப் போகும். ஈயம் மழைநீரோடு மண்ணில் இறங்கும். முதுகு உறையில் ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக் இருப்பின், அதனை எரிக்கையில் எழும் புகை நுரையீரலை அரிக்கும் நஞ்சு.

இவ்விரு வழிகளுக்கும் இடையே நிற்பது அறிவுக்குறை என்று சிலர் எண்ணலாம். உண்மையில் நிற்பது விலை. அமெரிக்க நாட்டில் ஒரு தகட்டை முறைப்படி மறுசுழற்சி செய்ய 20 முதல் 30 டாலர் ஆகும் என்றும், குப்பைமேட்டில் புதைக்க ஓரிரு டாலரே போதும் என்றும் மதிப்பிட்டார்கள். செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே கணக்கு இவ்வாறென்றால், நம் ஊரில் எந்த வழி வெல்லும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

சட்டம் வாளாவிருக்கவில்லை என்பதையும் நாம் நியாயமாகக் கூற வேண்டும். ஐரோப்பிய நாடுகள் 2012லேயே சூரியத் தகடுகளை மின்னணுக் கழிவுச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, திரும்பப் பெறும் பொறுப்பைச் செய்வோர்மீது சுமத்தின. இந்தியாவின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 நவம்பரில் வெளியாகி, 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன; அவற்றில் சூரியத் தகடுகளுக்கெனத் தனிப்பகுதி உண்டு. தகடு செய்வோர் பதிவு செய்துகொள்ள வேண்டும். கணக்குக் காட்ட வேண்டும். 2034-35ஆம் ஆண்டு வரை சேரும் கழிவை மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் நெறிப்படி சேமித்து வைக்க வேண்டும் என்று அப்பகுதி கூறுகிறது.

சேமித்து வைப்பது கொட்டி விடுவதைவிட மேலானது; ஐயமில்லை. ஆனால் மையித்தைப் பிணவறையில் வைத்திருப்பதும் அடக்கம் செய்வதும் ஒன்றாகுமா? நிறுவனத்தின் கிடங்குக்குத் திரும்பும் தகடுகளை விதி காக்கலாம். மூன்றாம் கை மாறிய தகட்டையும், கூரையில் உடைந்து கிடக்கும் ஒற்றைத் தகட்டையும், ஊர்ச் சந்தில் தள்ளுவண்டியோடு வரும் வணிகர் எடுத்துச் செல்வதையும் எந்த ஏடு பதிவு செய்யும்? இங்கேதான் நம் சிந்தனை அச்சங்குளத்துக்குத் திரும்புகிறது.

சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சிதறியது. அன்று வெள்ளிக்கிழமை, சுற்றுவட்டாரப் பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்கு மக்கள் கூடிய நண்பகல் வேளை. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குப் போனவர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதற்கு ஏறத்தாழ எட்டரை ஆண்டுகளுக்கு முன், 2012 செப்டம்பர் 5ஆம் நாள், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறே மாண்டிருந்தனர்.

அச்சங்குளத்து விபத்துக்குப் பின் ஒரு சொல் எங்கும் பேசப்பட்டது. உள்குத்தகை என்பது அச்சொல். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் பலருக்குக் குத்தகைக்குப் போகும். குத்தகை எடுத்தவர் துண்டு வேலைக்கு ஆள் வைப்பார். ஆதாயம் மேலே ஏறும்; ஆபத்து கீழே இறங்கும். வெடித்த பின் பொறுப்பாளி யாரென்று தேடினால், ஒவ்வொரு படியிலும் நிற்பவர் அடுத்த படியைச் சுட்டிக் காட்டுவார். கடைசிப் படியில் நின்றவர் பதில் சொல்ல உயிரோடு இரார்.

சட்டம் இல்லாததால் அச்சங்குளம் எரியவில்லை. வெடிபொருள் விதிகள் ஏட்டில் இருந்தன. ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதெல்லாம் எழுதப்பட்டிருந்தது. பொறுப்பைத் துண்டு துண்டாக்கிக் கைமாற்றும் வழக்கத்தின் முன்னே எழுத்து தோற்றது. சூரியத் தகட்டின் மரணத்திலும் அதே வழக்கத்தின் விதைகளை நாம் காண்கிறோம். செய்பவர் ஒருவர், பொருத்துபவர் ஒருவர், மின்சாரம் விற்பவர் ஒருவர், மானியம் தருவது அரசு, வெளிச்சத்தில் அமர்ந்திருப்பது நாம். ஐவரும் ஆதாயத்தில் பங்கு உடையவர்கள். அடக்கச் செலவு மட்டும் ஆறாவது ஒருவருடையது. அவர் கையுறையின்றிக் கண்ணாடி உடைப்பவர்.

இதற்கு மறுப்பாக மூன்று வாதங்கள் எழக்கூடும். மூன்றையும் நேர்மையாக எதிர்கொள்வது நம் கடமை.

முதல் வாதம்: தகட்டுக் கழிவைப் பெரிதுபடுத்துவது நிலக்கரிக்குத் துணை போவதாகும். இதில் உண்மை உண்டு. இந்திய அனல்மின் நிலையங்கள் ஆண்டொன்றுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் சாம்பலை வெளியேற்றுகின்றன. 2030க்குள் சேரும் தகட்டுக் கழிவு, ஓராண்டுச் சாம்பலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்து, துருக்கிய உஸ்மானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்ட நூலிலும் இடம்பெற்ற இரு விதிகள் இங்கே துணை நிற்கின்றன. ஒரு தீங்கை அதற்கு நிகரான தீங்கால் போக்கலாகாது என்பது ஒன்று. இரு தீங்குகளில் சிறியதை ஏற்றுப் பெரியதைத் தவிர்க்கலாம் என்பது மற்றொன்று. இரண்டாம் விதியின்படி சூரியத் தகட்டைத் தேர்வது சரியே. ஆனால் சிறிய தீங்கைத் தேர்ந்தவர் அத்தீங்கின் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிட்டார் என்று எந்த விதியும் கூறவில்லை. மேலும், பெரியது சிறியது என்று நாம் அளக்கும் தராசு எது? நாட்டளவில் சிறியதாகத் தோன்றும் தீங்கு, ஓர் ஓடைக்கரைக் குடும்பத்தின்மேல் முழுமையாக விழுமாயின், அக்குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய தீங்கு ஏது? பலருடைய தீங்கை எடுத்துச் சிலருடைய தலையில் வைப்பது தீங்கைப் போக்குவதாகாது, இடம் மாற்றுவதாகும்.

இரண்டாம் வாதம்: இன்னும் இருபது ஆண்டுகள் இருக்கின்றன, அதற்குள் விஞ்ஞானம் வழி கண்டுவிடும். காணட்டும், நாமும் அதனை விரும்புகிறோம். ஆனால் வழி ஏற்கெனவே காணப்பட்டுவிட்டது என்பதையும், இல்லாதது அதற்கான பணம் என்பதையும் மேலே பார்த்தோம். கடன் வாங்கியவர், நம் மக்கள் நம்மைவிடச் செல்வராவார்கள், அவர்களே தீர்க்கட்டும் என்று சொல்லி உறங்கலாமா? கடனோடு மாண்டவரின் ஜனாஸாவைக் கண்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அக்கடனை எவ்வளவு பெரிதாகக் கருதினார்கள் என்பதை நம்முள் ஹதீஸ் ஓதியவர் அறிவர். வாரிசுகளுக்குச் செல்வத்தை விடாமற் போவது வறுமை. அவர்களைக் கேளாமலே அவர்கள் பெயரில் கடனை எழுதிப் போவது அநீதி.

மூன்றாம் வாதம் இரண்டினும் கடினமானது. முறைப்படிதான் பிரிக்க வேண்டும் என்று கெடுபிடி செய்தால் பழைய பொருள் வாங்கிப் பிழைக்கும் ஏழையின் கஞ்சியில் மண் விழாதா என்று கேட்பார்கள். கரிசல் மண்ணில் இக்கேள்வி பழகிய கேள்வி. மழையில்லை, பயிரில்லை, பட்டாசும் இல்லையென்றால் எப்படிப் பிழைப்பது என்று அச்சங்குளத்தார் கேட்டபோது, நகரத்தில் அமர்ந்து அறிவுரை எழுதுவோரிடம் விடை இருந்ததில்லை. நம்மிடமும் எளிய விடை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கேள்வியைப் பசித்தவர் கேட்டால் அது முறையீடு. ஆதாயம் பெறுபவர் அவர் சார்பாகக் கேட்டால் அது சாக்குப்போக்கு. ஏழைக்குப் பிழைப்பு வேண்டும் என்று உருகுபவர், அப்பிழைப்பு நஞ்சில்லாததாக இருக்க வேண்டும் என்பதற்குத் தம் பங்கிலிருந்து எவ்வளவு தருகிறார்? உருக்கத்தை அளக்க அதைவிடச் சிறந்த அளவுகோல் நமக்குத் தெரியவில்லை.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தை நோக்கியும் ஒரு சொல் கூற வேண்டியிருக்கிறது. பழைய இரும்புக் கடைக்குத் தமிழில் காயலான் கடை என்று பெயர். காயல்பட்டினத்து வணிகரை ஒட்டி அப்பெயர் எழுந்ததாகச் சொல்வதுண்டு. அது எவ்வாறாயினும், பழைய பொருளை வாங்கி விற்கும் தொழிலில் தமிழ் முஸ்லிம்கள் பலர் நெடுங்காலமாக ஈடுபட்டிருக்கிறார்கள் என்பது கண்கூடு. அது இழிந்த தொழில் அன்று. ஊர் எறிந்ததை எடுத்து மீண்டும் பொருளாக்குவது, வீண்விரயத்துக்கு எதிராகக் கைகள் செய்யும் வேலை. வழியில் கிடந்து துன்பம் தருவதை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணிய மார்க்கம் நம்முடையது. ஆயின், ஒரு வழியிலிருந்து அகற்றிய முள்ளை மற்றொரு வழியில் போட்டால் அந்தக் கிளை என்னாவது? நாளை இறந்த தகடுகள் வந்து சேரும் கடைகளில் பல நம்மவர் கடைகளாக இருக்கும். கண்ணாடியை நொறுக்குபவரும் நம் தெருப் பிள்ளையாக இருக்கலாம்.

ஆகவே இது எங்கோ தில்லியில் தீர வேண்டிய வழக்கு என்று நாம் ஒதுங்க இயலாது. நம் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போமாக.

வக்ஃபுச் சொத்தின் வருமானத்தைச் செலவிடுவது பற்றி ஹனஃபிச் சட்ட நூல்கள் ஒரு நுட்பமான விதியைக் கூறுகின்றன. வருமானத்தில் முதற்செலவு அச்சொத்தைப் பழுது பார்ப்பதே. வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனை எழுதாவிட்டாலும் அதுவே முதல். பயன் பெறுவோர் பங்கெல்லாம் அதன் பின்னரே. மேலே கண்ட மரண வரிசையும் இந்த வக்ஃபு வரிசையும் ஒரே நீதியின் இரு முகங்கள். எழுதப்படாவிட்டாலும் முதலில் நிற்கும் செலவுகள் சில உண்டு என்பது அந்நீதி.

பள்ளிவாசல் மாடிக்குத் தகடு பொருத்த எண்ணும் ஜமாஅத்தார் இந்நீதியைத் தம் கணக்கேட்டிலிருந்தே தொடங்கலாம். மின்கட்டணத்தில் மாதந்தோறும் மீதமாகும் தொகையில் ஒரு சிறு பகுதியை அடக்கச் செலவு என்ற தலைப்பில் தனியே வரவு வைக்கலாம். தகட்டின் எண்ணையும் செய்தவர் பெயரையும் பற்றுச்சீட்டையும் அடுத்த நிருவாகத்துக்கும் எட்டுமாறு ஏட்டில் ஒட்டி வைக்கலாம். வாங்கும்போதே, திரும்ப எடுத்துக்கொள்வது யார் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்கலாம். இறந்த தகட்டை நல்ல விலை தருபவருக்கு என்றல்லாமல், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பவருக்கு என்று விற்கலாம். நம் பழைய இரும்பு வணிகர்கள் ஒன்றுகூடி, தகட்டை உடைப்பதில்லை, எரிப்பதில்லை, முழுதாகச் சேர்த்து ஆலைக்கு அனுப்புவதே நம் தொழில் என்று தமக்குள் ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ளலாம். சேகரிக்கும் பிழைப்பு அவர்களுக்கே இருக்கட்டும். நஞ்சைப் பிரிக்கும் வேலை அதற்குரிய ஆலைக்குப் போகட்டும். அரசிடமும் ஆலைகளிடமும் நாம் கேட்க வேண்டியது, அச்சேகரிப்புக்கு முறையான கூலி.

இவை சிறு செயல்கள். ஐம்பதாயிரம் டன்னுக்கு முன்னே ஒரு பள்ளிவாசலின் இருபது தகடுகள் எம்மாத்திரம் என்று கேட்கலாம். கேட்பவருக்கு நாம் சொல்வது இதுவே: பெரிய மின்நிலையத்தாரிடம், உங்கள் இலாபக் கணக்கில் அடக்கச் செலவு எங்கே என்று கேட்கும் தகுதி, தன் ஏட்டில் அதனை எழுதி வைத்தவருக்கே உண்டு.

அச்சங்குளத்தில் அன்று மாண்டவர்களுக்கு அடக்கமும் தகனமும் நடந்தன, நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. அவர்கள் உயிரோடிருந்த காலத்தில், அவர்கள் செய்த வெடி எந்தெந்த ஊர்த் திருவிழாக்களில் ஒளிர்ந்தது என்பதை அவர்கள் அறியார். அந்த ஒளியில் மகிழ்ந்தவர்களும் இவர்களை அறியார். ஒளியைப் பெறுபவருக்கும் அதன் விலையைக் கொடுப்பவருக்கும் இடையே அறிமுகம் இல்லாமற் போவதே இத்தகைய அநீதிகளின் வேர். சூரியத் தகட்டின் ஒளியில் அமர்ந்து குர்ஆன் ஓதும் நாம், அத்தகட்டை ஒருநாள் இறக்கப்போகும் கையை இன்றே அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள். அந்தக் கைக்குரியதை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியை நம் பங்காகக் கொள்வோமாக. அதற்கான நேர்மையை வல்ல நாயன் நமக்கு அருள்வானாக!